மியூசியம் படிப்பு: ஃபோர்ட்டா, பரோடாவா, நொய்டாவா, இல்ல ஃப்ளைட் ஏறணுமா?

போன ஞாயித்துக்கிழமை எங்க சித்தப்பா மவ வீட்டுக்கு வந்தா. பி.ஏ ஹிஸ்டரி கடைசி வருஷம். செருப்பக்கூட கழட்டல, அதுக்குள்ள ஃபோன என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "அக்கா இதப் பாரு, மியூசியம் ஸ்டடீஸ்ல மாஸ்டர்ஸ், ஒரே வருஷம், லண்டன்"ங்கா. ஃபீஸ் எவ்ளோட்டின்னு கேட்டேன். "அத விடு, படிப்பு நல்லாருக்கா அத சொல்லு"ங்கா. தாராவில பொறந்துட்டு ஃபீஸ விடுன்னு சொல்ற தைரியம் எனக்கு அந்த வயசுல இல்ல, அதுக்காகவே ஒரு டீ போட்டுக் குடுத்தேன். ஆனா கேள்வி நியாயமானது. பத்து பதினோரு வருஷம் முன்னாடி நான் இதே கேள்வியோட அலைஞ்சப்ப பதில் சொல்ல 90 ஃபீட் ரோடு முழுக்க ஒரு ஆள் கிடையாது, எங்கப்பா சைக்கிள்ல இட்லி விக்கிறவரு, அவருக்கு மியூசியம்னா ஸ்கூல்ல கூட்டிட்டுப் போற இடம், அவ்ளோதான். அதனால அவளுக்குச் சொன்னத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காவது ஆகும்.

மொதல்ல என்ன வேலைன்னு தெரிஞ்சிக்கணும், இல்லன்னா எந்தக் கோர்ஸ பாத்தாலும் நல்ல கோர்ஸாதான் தெரியும். மியூசியம் வேலைன்னா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி நின்னு விளக்கம் சொல்ற ஆள்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. ஜனங்க பாக்கறது அது ஒண்ணத்தான், மிச்ச வேலை பூரா பின்னாடி ஸ்டோர் ரூம்ல கிடக்கு. ஒரு பித்தளை விளக்கு புதுசா உள்ள வருதுன்னு வைங்க. அக்செஷன் ரெஜிஸ்டர்ல, அதாவது உள்ள வர்ற பொருளுக்கான பதிவேட்டுல, ஏத்தி ஒரு நம்பர் குடுப்போம். அந்த நம்பர விளக்கு மேலயே எழுதணும், ஆனா விளக்கு கெடக்கூடாது, அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் அழிக்கணும்னா தடமே இல்லாம அழியவும் செய்யணும். அதுக்கு பாராலாய்ட் பி-72ன்னு ஒரு ரெசின் இருக்கு, பாக்க உடைஞ்ச கல்கண்டு மாதிரி இருக்கும், அத அசிட்டோன்ல கரைச்சு, விளக்கோட அடியில யாரு கண்ணுக்கும் படாத எடத்துல நகம் அளவுக்குத் தடவி, காய விட்டு, அது மேல சின்ன பிரஷ்ஷால இங்க்ல நம்பர், அதும் காஞ்சப்புறம் மேல இன்னொரு பூச்சு. ஒரு பொருளுக்கு இது. இதுக்கப்புறம் அளவு, எடை, நாலு பக்கம் ஃபோட்டோ, எங்க கீறல் எங்க ஒட்டுன்னு கண்டிஷன் ரிப்போர்ட், எந்த ரூம் எந்த அலமாரி எந்தத் தட்டுன்னு குறிப்பு. இந்த மாதிரி ஒரு நாளைக்கு எட்டு பொருள் முடிச்சா அன்னிக்கு நல்ல நாள்.

இதக் கேட்டு உங்களுக்குக் கொட்டாவி வந்துச்சுன்னா தப்பில்ல, உங்களுக்கு க்யூரேஷன், அதாவது எதக் காட்டணும் எப்பிடிச் சொல்லணும்னு முடிவு பண்ற பக்கம் புடிக்கலாம், எக்சிபிஷன் பக்கம் புடிக்கலாம். ஆனா எந்தக் கோர்ஸ் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்காம பணத்தக் கட்டாதீங்க, நான் சொல்ல வர்றதே அதுதான்.

சரி, மும்பைலருந்தே ஆரம்பிக்கிறேன். ஃபோர்ட் ஏரியாவுல இருக்கற பெரிய மியூசியம், சத்ரபதி சிவாஜி மஹாராஜ் வாஸ்து சங்க்ரஹாலயா, நம்ம அப்பா அம்மா வாயில இன்னும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்தான். 1905ல அடிக்கல் நட்டு 1922லதான் ஜனங்களுக்குத் தொறந்தாங்க, நடுவுல உலகப் போர்ல கட்டடத்த ஆஸ்பத்திரியா ஆக்கிட்டாங்க. அங்க மும்பை யுனிவர்சிட்டியோட சேந்து மியூசியாலஜி, கன்சர்வேஷன் (பொருள் கெடாம பாதுகாக்கற வேலை) ரெண்டும் கலந்து ஒரு வருஷ போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ இருக்கு, நான் படிச்சது அதுதான். இதுல உள்ள பெரிய லாபம் என்னன்னா கிளாஸ் ரூமும் மியூசியமும் ஒரே காம்பவுண்டு. டீச்சர் கேலரி லைட்டப் பத்திப் பேசுனாருன்னா பத்து நிமிஷத்துல போயி அந்த லைட்டுக்குக் கீழ நிக்கலாம். வீட்ல இருந்து சயன் ஸ்டேஷன், லோக்கல், சி.எஸ்.எம்.டி, அங்கருந்து நடை, மத்தியானச் சாப்பாடு டப்பால. ஹாஸ்டல் செலவு பூஜ்யம். எங்க வீட்டு நெலமைக்கு அது ஒண்ணே போதும்.

நட்டம் என்னன்னா அது டிப்ளமோ, மாஸ்டர்ஸ் கிடையாது. தனியார் கலெக்ஷன், ட்ரஸ்ட் மியூசியம், கேலரி இங்கெல்லாம் அத ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க, கை வேலை தெரியுமான்னுதான் பாப்பாங்க. ஆனா கவர்மெண்ட் க்யூரேட்டர் வேலைக்கு விளம்பரம் வந்தா பெரும்பாலும் மொத வரியே மாஸ்டர்ஸ் டிகிரிதான், டிப்ளமோ அதுக்கு மேல. நான் பி.ஏ பிளஸ் டிப்ளமோவோட அப்ளிகேஷன் ஃபாரத்த பாத்துட்டு மூடி வச்ச ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் வேலை பாத்துக்கிட்டே கரஸ்பாண்டன்ஸ்ல எம்.ஏ எழுதி முடிச்சேன், அது தனிக் கத. அதனால இத எம்.ஏ முடிச்சிட்டு வர்றவங்க எடுத்தா சரியா உக்காரும், பி.ஏ கையோட வர்றவங்க எப்பிடியும் பின்னால ஒரு எம்.ஏ எழுதணும்னு மனசுல வச்சுக்கிட்டு வாங்க.

பைகுலால ராணி பாக்குக்குள்ள இருக்கற பாவு தாஜி லாட் மியூசியம், 1872லருந்து இருக்கு, அங்கயும் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ நடத்திருக்காங்க, ஆனா அது நவீன இந்தியக் கலை, க்யூரேஷன் பக்கம் சாஞ்சது. ஆர்ட் கேலரில வேலை பாக்கணும், எழுதணும், ஆர்ட்டிஸ்ட்டோட பேசணும்னா அது சரி. ஸ்டோர் ரூம் ஆளுக்கு அது அவ்வளவா ஒத்து வராது. மியூசியம் மட்டும் யாரா இருந்தாலும் பாக்கணும், மண்ணுல செஞ்ச குட்டிக் குட்டி பொம்மைங்க, மும்பைல எந்த ஜாதி ஜனம் எப்பிடி தலப்பா கட்டுச்சுங்கறது வரைக்கும் இருக்கும்.

அடுத்து பரோடா. அங்க எம்.எஸ் யுனிவர்சிட்டில மியூசியாலஜி டிபார்ட்மெண்ட் 1952ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே மொத மியூசியாலஜி டிபார்ட்மெண்ட் அதுதான். ரெண்டு வருஷ எம்.ஏ. மும்பை சென்ட்ரல்ல ஏறுனா அஞ்சு மணி நேரம் சுமாரு. யுனிவர்சிட்டி ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் லண்டன் ஃபீஸுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா சில்லற. ஊருக்குள்ளயே சயாஜி பாக்ல 1894ல தொறந்த பழைய மியூசியம், நீலத் திமிங்கலத்தோட எலும்புக்கூடு முழுசா இருக்கும், ஓவியமும் இருக்கு, எகிப்து மம்மியும் இருக்கு. ஒரே கூரைக்குக் கீழ எலும்பு, துணி, எண்ணெய் ஓவியம், கல்லுன்னு இருந்தா படிக்கற புள்ளைக்கு வேற எங்கயும் கிடைக்காத வசதி அது, ஏன்னா ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி கெடும். ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேகல்டிக்குள்ளயே டிபார்ட்மெண்ட் இருக்கறதால சுத்தி பூரா ஓவியரு, சிற்பி. என் கூட வேலை பாத்த ரெண்டு பேரு அங்க படிச்சவங்க, ரெண்டு பேருக்கும் டாக்குமெண்டேஷன் கை சுத்தம், ஒரு ரெஜிஸ்டர்ல அடிச்சுத் திருத்துனது இருக்காது. பி.ஏ முடிச்சு நேரா போறவங்களுக்கு என் ஓட்டு பரோடாவுக்குத்தான், ஒளிச்சு வைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

டெல்லிப் பக்கம் ரெண்டு இருக்கு, ஜனங்க ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறாங்க. ஒண்ணு 1989ல நேஷனல் மியூசியத்துக்குள்ளயே ஆரம்பிச்ச நேஷனல் மியூசியம் இன்ஸ்டிட்யூட், இப்ப நொய்டாவுக்குப் போயி இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிட்டேஜ்னு பேரு. அங்க கலை வரலாறு, கன்சர்வேஷன், மியூசியாலஜின்னு தனித்தனி எம்.ஏ. கன்சர்வேஷன்தான் உங்க ஆசைன்னா இது முக்கியமான எடம், கெமிஸ்ட்ரி கொஞ்சம் ஞாபகம் இருந்தா நல்லது. இன்னொண்ணு கிரேட்டர் நொய்டால ஒன்றிய அரசோட தொல்லியல் துறை, ஏ.எஸ்.ஐ, நடத்தற ஆர்க்கியாலஜி இன்ஸ்டிட்யூட், ரெண்டு வருஷ டிப்ளமோ, மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு, சீட்டு ரொம்பக் கம்மி, மாசம் உதவித்தொகை குடுப்பாங்க. அது மண்ணத் தோண்டறவங்களுக்கு. கீழடி பாத்துட்டு கண்ணு கலங்கின ஆளுங்க அந்தப் பக்கம் போங்க. இல்லன்னா சென்னைல தமிழ்நாடு தொல்லியல் துறையே நடத்தற ரெண்டு வருஷ டிப்ளமோ, அங்க கல்வெட்டு வாசிக்கக் கத்துத் தருவாங்க. எங்க சித்தப்பா மவளுக்கு இது லாயக்கில்ல, முனிசிபாலிட்டி தமிழ் மீடியத்துல நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, பஸ் போர்டு வாசிப்பா, வட்டெழுத்துன்னா ஓடிருவா.

கன்சர்வேஷன் பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும், இங்கதான் என் மனசு எப்பவும் போய் நிக்கும். மொத வேலைல, ஒரு தனியார் ட்ரஸ்ட், பேரு வேண்டாம், மூணு மாசச் சம்பளம் பாக்கி வச்சு நாலாவது மாசம் ரெண்டு மாசத்துக்கு மட்டும் குடுப்பாங்க, அங்க ஒரு வெள்ளிச் சொம்ப அவசரத்துல கிளவுஸ் போடாம எடுத்து வச்சிட்டேன். அது மே மாசம். ஆகஸ்ட்ல அலமாரியத் தொறந்தா சொம்புக் கழுத்துல என் கட்டவிரல் ரேகை கறுப்பா, ஆதார் எடுத்த மாதிரி அவ்வளவு தெளிவா உக்காந்திருக்கு. வேர்வைல இருக்கற உப்பும் மும்பை மழைக்காலமும் சேந்து செஞ்ச வேலை. வெண்கலத்துக்கு இத விட மோசம், குளோரைடு உள்ள தங்கிருச்சுன்னா காத்துல ஈரம் ஏறுன உடனே பச்சையா பவுடர் மாதிரி பூக்கும், தொடச்சாலும் திரும்ப வரும், அதுக்குப் பேரே வெண்கல நோய். இந்த நோயப் பாத்து பயந்துதான் எழும்பூர் மியூசியத்துல 1930லயே கெமிஸ்ட்ரி லேப் வச்சாங்க, பரமசிவன்னு ஒரு கெமிஸ்ட் அங்க நம்ம சோழர் காலத்துச் சாமிங்கள வைத்தியம் பாத்தாரு, தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரோவியத்தையும் ஆராய்ஞ்சாரு. ஈரம் ஏறுற ஊர்ல வேலை கத்துக்கிட்டா எங்க போனாலும் பொழைக்கலாம். ஷோகேஸ்க்குள்ள ஈரம் உறிஞ்ச வச்ச சிலிக்கா ஜெல் நீலத்துலருந்து ரோஸ் ஆகறத ஜூலைல தினமும் பாத்தவளுக்கு, எப்பவும் ஏ.சி ஓடுற லேப்ல கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியாத சில விஷயம் தெரியும். இது கொஞ்சம் என் தலைக்கனம்தான், இருந்துட்டுப் போகட்டும்.

இப்ப ஃப்ளைட் கதைக்கு வருவோம். பிரிட்டன்ல லெஸ்டர் யுனிவர்சிட்டில 1966லருந்து மியூசியம் ஸ்டடீஸ் நடத்தறாங்க, லண்டன்ல யு.சி.எல் இருக்கு, இன்னும் நெறய. ஒரு வருஷம். வெளிநாட்டு மாணவருக்கு ஃபீஸ் மட்டும் 20,000 பவுண்டத் தாண்டும், லண்டன்னா இன்னும் மேல. பவுண்டு நூத்திப் பத்துக்கு மேல நிக்குது, நீங்களே பெருக்கிக்கோங்க. தங்கறது, சாப்பாடு அது தனி. அப்புறம் அங்க வைத்திய வசதிக்குன்னு விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டு, ஒரு வருஷ கோர்ஸுதானன்னு நெனைப்போம், விசா 16 மாசத்துக்குக் குடுப்பாங்க, அதுக்குக் கணக்குப் போட்டு 1,164 பவுண்டு வாங்குவாங்க. விசாவுக்காக பேங்க்ல காட்ட வேண்டிய பணம் 28 நாள் அசையாம கிடக்கணும், ஏலச்சீட்டு எடுத்துச் சேத்த பணம் அவ்ளோ நாள் அசையாம கிடக்குமா எங்க வீட்ல. படிச்சு முடிச்சு தங்கி வேலை தேட இதுவரைக்கும் ரெண்டு வருஷம் குடுத்தாங்க, 2027 ஜனவரிலருந்து அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசம்.

"லோன் வாங்கலாம்லக்கா"ங்கா. 7.5 லட்சத்துக்கு மேல போனா பேங்க்ல பெரும்பாலும் அடமானம் கேப்பான். தாராவில எங்க கோலிக்கு, அதான் ஒத்த ரூம் வீட்டுக்கு, இருக்கறது ஃபோட்டோ பாஸ், குடிசைல குடியிருக்கோம்னு அரசாங்கம் குடுக்கற கார்டு, அத வச்சு ரீடெவலப்மெண்ட்ல வீடு வாங்கலாம், பேங்க்ல காசு வாங்க முடியாது. மாட்டுங்கால சொந்த ஃப்ளாட் உள்ளவங்களுக்கும் கிங் சர்க்கிள் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் இந்தப் படிப்புல வித்தியாசம் ஆரம்பிக்கற எடமே அதுதான், மார்க்ல கிடையாது.

ஸ்காலர்ஷிப்பும் பாத்து வச்சிருந்தா. ஒன்றிய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப், பெரும்பாலும் பட்டியல் சாதிப் புள்ளைங்களுக்கு உள்ளது. நல்ல திட்டம்தான், ஆனா 2022ல ரூல மாத்தி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு இதெல்லாம் சம்பந்தமான படிப்புக்குக் குடுக்கறதில்லன்னு போட்டுட்டாங்க. படிச்சப்ப எனக்கு வந்த கோவத்த இங்க எழுத முடியாது. ஹெரிட்டேஜ் படிக்க யாருக்கு உரிமைன்னு ஒரு பாரால முடிச்சு வச்சிட்டாங்க. மஹாராஷ்டிரா அரசோட ஸ்காலர்ஷிப் பக்கம் போனா ஜாதி சர்டிபிகேட், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்னாடியே உங்க ஆளுங்க இந்த மாநிலத்துல இருந்ததுக்கு பேப்பர் கேப்பாங்க. எங்க தாத்தா திருநெல்வேலிலருந்து ரயில் ஏறுனது எந்த வருஷம்னு ஆச்சிக்கு சண்ட போட்ட கணக்குலதான் தெரியும், பேப்பர்ல கிடையாது. மும்பைத் தமிழங்க பாதிப் பேருக்கு இந்த வரி மனப்பாடம்.

அப்ப வழியே இல்லையான்னா இருக்கு, ஆனா அவசரப்படறவங்களுக்கு இல்ல. செவ்னிங்னு பிரிட்டன் அரசோட ஸ்காலர்ஷிப் முழு ஃபீஸும் கட்டும், ரெண்டு வருஷம், அதாவது 2,800 மணி நேரம் வேலை பாத்த அனுபவம் கேப்பாங்க, முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பி வரணும். சயின்ஸ் படிச்சவங்களுக்கு ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்துல ஆர்க்மேட்னு ஒண்ணு, பழம்பொருளோட மெட்டீரியல் சயின்ஸ், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ்னு சுத்திப் படிக்கலாம், ஸ்காலர்ஷிப் கிடைச்சா மாசம் 1,400 யூரோ. நாலஞ்சு வருஷம் வேலை பாத்த ஆளுங்களுக்கு பிரிட்டன்ல படிக்க உதவற சார்லஸ் வாலஸ் ட்ரஸ்ட் இருக்கு. கவனிச்சுப் பாருங்க, நல்ல பணம் பெரும்பாலும் வேலை பாத்த கைக்குத்தான் வருது. இங்க ஒரு கோர்ஸ் முடிச்சு, ஸ்டோர் ரூம்ல ரெண்டு மூணு வருஷம் தூசி தின்னுட்டு அப்ளை பண்ணா, எழுதறதுக்கு விஷயமும் இருக்கும், அடுத்தவன் காசுல போகவும் செய்யலாம். முடிச்சு வந்து கவர்மெண்ட் வேலைக்கு எழுதணும்னா அந்த டிகிரி இங்கத்த டிகிரிக்குச் சமம்னு சொல்ற ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட்ட மறந்துராதீங்க.

வெளிநாட்டுல அப்பிடி என்னதான் சொல்லித் தர்றாங்கன்னா, எனக்குத் தெரிஞ்சு அங்க போயிட்டு வந்தவங்க கேள்வி கேக்கக் கத்துக்கிட்டு வர்றாங்க. இங்க நம்மள பொருளத் தூக்கவும் எழுதவும் பழக்குறாங்க, இந்தப் பொருள் ஏன் இங்க இருக்குன்னு கேக்க அவ்வளவா பழக்குறதில்ல. நியூசிலாந்துல வெலிங்டன் டெ பாப்பா மியூசியத்துல ஒரு உடைஞ்ச வெண்கல மணி இருக்கு, ஒரு சாண் உயரம்கூட இருக்காது. 1836 வாக்குல கொலென்சோன்னு ஒரு மிஷனரி போனப்ப அந்த ஊர் பூர்வகுடி மவோரிப் பொம்பளைங்க அதுல உருளக்கெழங்கு வேக வச்சிட்டிருந்தாங்க, புயல்ல விழுந்த ஒரு பெரிய மரத்தோட வேருக்கடில கிடைச்சதுன்னு சொன்னாங்களாம். அதோட விளிம்பச் சுத்தி பழைய தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசுவோட கப்பல் மணின்னு அர்த்தம். எந்தக் கப்பல், எப்பிடி அங்க போச்சு, ஒருத்தருக்கும் நிச்சயமா தெரியல. அந்த மணி யாரோடது? கப்பல்காரரோடதா, கெழங்கு வேக வச்சவங்களோடதா, வாங்கிட்டுப் போன மிஷனரியோடதா, நம்ம ஆளுங்க வாட்ஸப் ஃபார்வர்டுல சொல்ற மாதிரி "தமிழனோடது"ங்கறதா? இப்பிடி ஒரு கேள்விய மூணு மாசம் வச்சு அரைக்க விடுவாங்க அங்க. அது லேசான விஷயமில்ல.

ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் கடைசில ஸ்டோர் ரூம் வேலைலருந்துதான் வருது. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2008ல ஆஸ்திரேலியா நேஷனல் கேலரிக்கு 50 லட்சம் டாலருக்குப் போனாரு, 2014ல திரும்பி வந்தாரு. அவர் கோயில்லருந்த சாமிதான்னு நிரூபிக்க உதவுனது பாண்டிச்சேரி ஃப்ரெஞ்ச் இன்ஸ்டிட்யூட்காரங்க முன்னமே எடுத்து வச்சிருந்த ஃபோட்டோ. யாரோ ஒருத்தர் ஒரு நாள் வெயில்ல கேமராவத் தூக்கிட்டுப் போயி, எடுத்து, கார்டு எழுதி, டப்பால போட்டு வச்சாரு, அந்தக் கொட்டாவி வர்ற வேலைதான் அது.

இவ்ளோவும் சொன்னப்புறமும் அவ மூஞ்சி தெளியல. சரின்னு பரண்லருந்து ஆச்சியோட பித்தளைச் செம்ப எடுத்து, துணி விரிச்சு அது மேல வச்சு, கிளவுஸும் ஒரு பேப்பரும் குடுத்து, இதுக்கு ஒரு கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுட்டின்னேன். அஞ்சு நிமிஷத்துல "பழைய செம்பு, நல்லா இருக்கு"ன்னு ஒரே வரி எழுதிக் குடுத்தா. திருப்பிக் குடுத்து, ஃபோன் டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சுப் பாருன்னேன். நான் போயி சோறு வடிச்சேன், ரசம் வச்சேன், அவ அங்கயே குத்த வச்சு உக்காந்திருக்கா. அடில ஈயம் பூசின தடம் கண்டுபுடிச்சா, ஒரு பக்கம் நசுங்குனது, அத உள்ளருந்து தட்டி எடுத்த சுத்தியல் தடம். அப்புறம் "யக்கா இங்க வாயேன்"னு ஒரு சத்தம்.

கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு. பாதி தேஞ்சிருக்கு. எழுத்துக் கூட்டி அவதான் வாசிச்சா: "பா. செல்லம்மாள்". எங்க ஆச்சி பேரு மாரியம்மா. எங்க குடும்பத்துல செல்லம்மாள்னு யாரும் கிடையாது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டோம். அவருக்கும் தெரியல. ஊர்லருந்து வந்தப்பவே அது இருந்துச்சுன்னாரு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, ஏன் இப்ப அதக் கேக்கிறியன்னாரு. அவ அதுக்குள்ள பேப்பரத் திருப்பி பின்பக்கம் எழுத ஆரம்பிச்சிட்டா.